கறிவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம் மாதிரி புழு: மருந்து அடிக்கலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: திண்டுக்கல் மாடித்தோட்டம்

வணக்கம். திண்டுக்கல்லில் மொட்டை மாடியில், பெயிண்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறேன். இடுப்பு உயரம் இருக்கும். தாளிப்பதற்கும் துவையலுக்கும் அதிலிருந்துதான் கிள்ளுவேன். இரண்டு கோடையைத் தாண்டி வந்த செடி என்பதால் அதன் மேல் கொஞ்சம் பாசம் அதிகம்.

போன வாரம் இலைகளின் மேல் காக்காய் எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக அங்கங்கே ஒட்டியிருந்தது. தண்ணீர் அடித்தேன், போகவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் கால்கள் இருக்கின்றன! இந்த வாரம் அதே செடியில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பச்சைப் புழு இரண்டு. முன்பக்கம் புடைத்து, இரண்டு பக்கமும் கண் வரைந்த மாதிரி வட்டம். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, கவட்டையாக ஏதோ ஒன்று சட்டென்று நீண்டது. கூடவே ஒரு புளித்த வாடை. குச்சியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கீழ்க்கிளைகளில் இலையே இல்லை, வெறும் காம்புதான் நிற்கிறது. மாமியார் "பிடுங்கிக் கீழே போட்டு மிதி" என்கிறார். ஆறாவது படிக்கும் மகன் "அது பட்டாம்பூச்சிம்மா" என்று செடிக்குக் காவல் நிற்கிறான். உரக்கடையில் கேட்டதற்கு ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து, தண்ணீரில் கலந்து அடிக்கச் சொன்னார்கள். இன்னும் திறக்கவில்லை.

இது என்ன புழு? கையில் பட்டால் கம்பளிப்பூச்சி மாதிரி அரிக்குமா? புழு ஊர்ந்த இலையைச் சமையலுக்குப் போடலாமா? பக்கத்திலேயே முருங்கையும் செம்பருத்தியும் இருக்கின்றன, அதில் எடுத்து விட்டால் பிழைத்துக்கொள்ளுமா? எல்லாவற்றுக்கும் மேல், செடி மறுபடி தழைக்குமா?

பதில்: தென்னந்தோப்பு

வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். சாயங்கால நேரம் இலையின் இரண்டு பக்கமும் நனைகிற மாதிரி அடியுங்கள். இரண்டு மூன்று நாளில் புழு இருக்காது. இயற்கை முறைதான், பயப்பட வேண்டாம்.

பதில்: புளியங்குடி நாற்றுக்காரன்

தென்னந்தோப்பு அண்ணாச்சி சொன்ன கரைசல் அசுவினிக்கும், கொழுந்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற பூச்சிக்கும் சரி. அதற்கு நானும் அதைத்தான் அடிக்கிறேன். ஆனால் இந்தப் புழுவுக்கு வேண்டாம். வேப்பெண்ணெய் பட்ட இலையைத் தின்ன முடியாமல் பட்டினி கிடந்து சாகும். இயற்கை மருந்து என்றால் மெதுவாகக் கொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தங்கச்சி, உங்கள் பையன் சொன்னது சரி. எச்சம் மாதிரி இருப்பதும் பச்சையாக இருப்பதும் ஒரே புழுதான், வயதுதான் வேறு. காமன் மார்மன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு. தமிழில் கறிவேப்பிலை அழகி என்று சொல்கிறார்கள். கறுப்பு உடம்பு, கறுப்பு இறக்கை, பின் இறக்கையின் குறுக்கே வரிசையாக வெள்ளைத் திட்டு, கீழே சின்னதாக ஒரு வால். பூவில் தேன் குடிக்கும்போதுகூட இறக்கையை நிறுத்தாமல் படபடத்துக்கொண்டே இருக்கும். உங்கள் மாடியில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். மழை பெய்து செடியெல்லாம் துளிர்விட்ட பிறகு இன்னும் நிறைய வரும். இல்லை என்றால் லைம் என்கிற இன்னொன்றாக இருக்கலாம், எலுமிச்சைச் செடியைத் தேடி வருவது. அதற்கு வால் கிடையாது, கறுப்பில் வெளிர் மஞ்சள் திட்டாக இருக்கும். இரண்டின் புழுவும் சின்ன வயதில் எச்சம் மாதிரி, கடைசியில் பச்சை. கறிவேப்பிலையில் இரண்டுமே வரும். படம் போட்டால் சொல்லிவிடலாம், ஆனால் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். புளியங்குடிப் பக்கம் நர்சரி வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் எலுமிச்சைதான் பிழைப்பு. நான் எலுமிச்சைக் கன்று, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாம் பாக்கெட்டில் வளர்த்து விற்கிறேன். ஆகையால் இந்தப் பட்டாம்பூச்சிகள் எனக்குக் கவிதை இல்லை, கணக்கு வழக்கு. வளர்ந்த எலுமிச்சை மரத்தில் நூறு புழு இருந்தாலும் தோட்டக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார், மரத்துக்கும் தெரியாது. அதே புழு இரண்டே இரண்டு ஒரு ஜாண் உயரக் கன்றில் ஏறினால் காலையில் பார்க்கும்போது குச்சி மட்டும் இருக்கும். இதில் புழு நல்லதா கெட்டதா என்ற பேச்சே இல்லை. செடி எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி. உங்களுடையது இடுப்பு உயரம், இரண்டு வயது. சாகாது. ஆனால் பச்சைப் புழு நாலைந்து சேர்ந்துவிட்டால் சாம்பாருக்கு இலை மிஞ்சாது.

ஏன் என்றால், புழு ஐந்து பருவம் வளர்கிறது. ஒவ்வொரு பருவம் முடியும்போதும் தோலை உரிக்கும். முதல் நாலு பருவம் எச்ச வேஷம். அப்போது கொஞ்சம்தான் தின்னும், இலையின் மேல்பக்கம் வெட்டவெளியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், எச்சத்தை எந்தக் குருவி கொத்தப்போகிறது? ஐந்தாவது பருவத்துக்கு வரும்போது அந்த வேஷத்துக்கு உடம்பு பெரிதாகிவிடுகிறது, அதனால் பச்சைக்கு மாறுகிறது. வாழ்நாளில் தின்கிற இலையில் பெரும்பங்கை இந்தக் கடைசிப் பருவத்தில்தான் தின்று தீர்க்கும். நீங்கள் வெறும் காம்பைப் பார்த்துத் திகைத்தது அதனால்தான். சின்னப் புழுவாக இருந்தபோது இலை குறைந்ததே தெரிந்திருக்காது.

கண் மாதிரி இருப்பது கண் இல்லை, நெஞ்சின் மேல் தோலில் இருக்கும் புள்ளி. உண்மையான தலை அதற்கு முன்னால் சின்னதாக, கீழே குனிந்து இருக்கும். குருவிக்குப் பாம்புக்குட்டி என்று தோன்ற வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. சிவப்புக் கவட்டை அதன் ஆயுதம். தொட்டால் நீட்டும், கொஞ்ச நேரத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். நாற்றம் எறும்பையும் சின்னப் பூச்சிகளையும் விரட்டுவதற்கு. நமக்கு ஒன்றும் செய்யாது. கடிக்காது, கொட்டாது, மயிர் இல்லாததால் அரிக்கவும் அரிக்காது. முருங்கையில் வரும் கம்பளிப்பூச்சியோடு இதைச் சேர்க்காதீர்கள். கையில் ஏறவிட்டால் வழவழப்பாக, சில்லென்று இருக்கும். பையனிடம் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும்.

முருங்கையிலோ செம்பருத்தியிலோ எடுத்து விடாதீர்கள். ஒரு கடிகூடக் கடிக்காது, பட்டினியில் செத்துவிடும். இதற்கு எலுமிச்சைக் குடும்பத்து இலைதான் வேண்டும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, பம்பளிமாஸ், வில்வம். தோட்டம் இல்லாத காட்டுப் பக்கத்தில் காட்டெலுமிச்சை, மிளகரணை, பாணல். இலையைக் கசக்கினால் வரும் அந்த எண்ணெய் வாசனைதான் இவற்றுக்குப் பொது. வெயிலுக்கு எதிரே இலையைப் பிடித்தால் உள்ளே ஊசிமுனை அளவில் புள்ளிகள் தெரியும், எண்ணெய் அதில்தான் இருக்கிறது. மற்ற பூச்சிகள் பலவும் அந்த எண்ணெயைக் கண்டு ஒதுங்குகின்றன. இது அதையே மோப்பம் பிடித்து வருகிறது. தாய்ப் பட்டாம்பூச்சி முட்டையிட வரும்போது கவனியுங்கள், இலையில் இறங்கி முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். காலால்தான் ருசி பார்க்கிறது. சரியான இலை என்று தெரிந்தால் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டை, கடுகைவிடச் சின்னதாக, இளமஞ்சளாக, துளிரில் ஒட்டிவிட்டு அடுத்த கொழுந்துக்குப் போய்விடும். கும்பலாக இடாது.

என்ன செய்யலாம் என்றால், சுற்றுவட்டாரத்தில் பெரிய கறிவேப்பிலை மரமோ நாரத்தை மரமோ இருக்கிறதா பாருங்கள். கோவில் வில்வமும் சரி. புழுவைக் கையால் பிய்த்து இழுக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும் இடத்தில் மெல்லிய நூல் விரித்து அதைக் காலால் கவ்விக்கொண்டிருக்கும், இழுத்தால் கால் காயப்படும். இலையோடு கத்தரித்து எடுத்து, பெரிய மரத்தின் கிளையில் இலைக்கு இலை தொடுகிற மாதிரி செருகிவிட்டால் தானே ஏறிக்கொள்ளும். பாதி வளர்ந்த புழு ஒரு செடியிலிருந்து வேறு வகைச் செடிக்கு மாறச் சில நேரம் முரண்டு பிடிக்கும். ஆகையால் கறிவேப்பிலையிலிருந்து கறிவேப்பிலைக்குப் போனால் நல்லது. தலை வீங்கினாற்போல் ஆடாமல் அசையாமல் ஒன்று இருந்தால் அது தோல் உரிக்கப்போகிறது, அன்றைக்கு மட்டும் தொட வேண்டாம். எங்கள் நர்சரியில் காலை நேரம் பாக்கெட் பொறுக்கும் பெண்கள் இதே வேலையைத்தான் செய்கிறார்கள், எல்லாப் புழுவும் கிணற்றடி நாரத்தை மரத்துக்குப் போய்விடும். மரமே கிடைக்கவில்லை என்றால் இரண்டு புழுவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுங்கள். உங்கள் செடி அதைத் தாங்கும்.

இலை சமையலுக்குத் தாராளமாக ஆகும், கழுவிப் போடுங்கள். அந்த பாட்டில் மருந்தை அடித்திருந்தால்தான் யோசிக்க வேண்டியிருக்கும். பாட்டில் மேல் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருப்பார்கள், அதையாவது படிக்காமல் வீட்டுச் செடிக்கு எதையும் அடிக்காதீர்கள். செடிக்குள்ளேயே ஊறிப்போகிற மருந்து என்றால் கழுவினாலும் போகாது. தினமும் வாயில் போடுகிற இலை இது.

தழைக்குமா என்று கேட்டீர்கள். காரமடைப் பக்கம் ஏக்கர் கணக்கில் செங்காம்பு ரகக் கறிவேப்பிலை போட்டிருக்கிறார்கள். அறுவடை என்றால் அங்கே கிளையோடு வெட்டுவார்கள், வெட்ட வெட்டத்தான் துளிர்க்கும். உங்கள் செடியில் இலை போன கிளைகளின் நுனியைக் கிள்ளிவிட்டு, வாளியில் ஒரு கை மக்கிய சாணம் போட்டு, புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். மோர் ஊற்றுவது என் அம்மா சொன்னது, ஆராய்ச்சி எதுவும் கிடையாது. ஆனால் நான் நிறுத்தியதில்லை.

பதில்: திண்டுக்கல் மாடித்தோட்டம்

அண்ணா, ரொம்ப நன்றி. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார், பரவாயில்லை. தெருக்கோடி வீட்டில் பெரிய கறிவேப்பிலை மரம் இருக்கிறது, சின்னப் புழுக்களை அங்கே இலையோடு கொண்டுபோய் விட்டோம். அந்த வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே "போடுங்க, எங்க மரத்துல இல்லாததா" என்றார். பச்சை இரண்டையும் பையன் விடமாட்டேன் என்று வைத்துக்கொண்டான்.

இப்போது இரண்டும் கூடு கட்டிவிட்டன. ஒன்று செடியின் காம்பிலேயே, பச்சையாக. இன்னொன்று எங்கோ காணாமல் போய்க் கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுச் சுவரில் இருந்தது, அது பழுப்பு. இரண்டும் வேறு வேறு வகையா? சுவரில் இருப்பதைப் பெயர்த்து டப்பாவில் வைக்கலாமா என்று கேட்கிறான்.

இன்னொரு சந்தேகம். நேற்று மதியம் கறுப்பு இறக்கையில் வெள்ளையும் சிவப்புமாகத் திட்டு வைத்த ஒரு பட்டாம்பூச்சி வந்து இதே கறிவேப்பிலையில் முட்டை வைத்தது. நீங்கள் சொன்னதில் சிவப்பே இல்லையே. இணையத்தில் தேடினால் காமன் ரோஸ் என்று வருகிறது. அதுவும் கறிவேப்பிலை தின்னுமா?

பதில்: புளியங்குடி நாற்றுக்காரன்

பச்சை, பழுப்பு இரண்டும் ஒரே இனம்தான். உயிருள்ள இலை, பச்சைக் காம்பு என்றால் பெரும்பாலும் பச்சைக் கூடு. சுவர், காய்ந்த குச்சி, சொரசொரப்பான இடம் என்றால் பழுப்பு. கூடு கட்டும் இடத்தைப் பொறுத்து நிறம் அமைகிறது. கூடு கட்டுவதற்கு முன்னால் வயிற்றில் இருப்பதையெல்லாம் தண்ணீராகக் கழித்துவிட்டு, அப்புறம் இடம் தேடி நடக்க ஆரம்பிக்கும். அதனால்தான் தொட்டிச் சுவர் வரை போயிருக்கிறது.

பெயர்க்க வேண்டாம். வால் நுனி நூல் முடிச்சில் மாட்டியிருக்கும், நடுவில் இடுப்பைச் சுற்றி ஒரு நூல் இருக்கும். தென்னை ஏறுகிறவர் இடுப்பில் கயிறு போட்டுச் சாய்ந்து நிற்பாரே, அதே நிலை. அந்த நூல் அறுந்தால் பட்டாம்பூச்சி வெளியே வரும்போது பிடிமானம் இல்லாமல் விழும், இறக்கை விரியாமல் சுருண்டு காய்ந்துவிடும். ஒரு வாரம், பத்து நாள், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். வெளிவருவதற்கு முந்தின நாள் கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் வெள்ளைத் திட்டு வெளியிலிருந்தே தெரியும். மறுநாள் காலை சீக்கிரம் எழுந்து பார்த்தால் நல்லது, வெயில் ஏறுவதற்குள் வந்துவிடும். வந்ததும் ஏறி நின்று இறக்கையைத் தொங்கவிட்டு உலர்த்தும், பழுப்பாக ஒரு துளி நீர் விடும். அது ரத்தம் இல்லை, பையன் பயந்துவிடப் போகிறான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இரண்டில் ஒன்று வராமல் போகலாம். கூடு புதிதாக, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போது ஒரு குட்டிக் குளவி வந்து உள்ளே முட்டை வைத்துவிடும். எறும்பைவிடச் சின்னது, வெயிலில் பச்சையும் செம்புமாக மினுங்கும். புழு கூடு கட்டத் தயாராகித் தொங்கும்போதே இது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோல் உரியும் வரை காத்திருக்கும். நான் எலுமிச்சைக் கன்றில் கண் எதிரே பார்த்திருக்கிறேன். ஊதினால் நாலு விரல்கடை தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறது. அப்படிப்பட்ட கூட்டைத் தொட்டால் நெளியாது, நிறம் மங்கும். பிறகு ஒருநாள் பக்கவாட்டில் ஊசி ஓட்டை விழுந்து அதன் வழியாகக் குளவிகள் கூட்டமாக வெளியே வரும். புழுவாக இருக்கும்போதே அதன் மேல் முட்டை வைக்கிற ஈயும் உண்டு, முட்டைக்குள்ளேயே முட்டை வைக்கிற குளவியும் உண்டு. இத்தனையும் போக ஓணான், கும்பிடுபூச்சி, சிலந்தி, தையல்சிட்டு. எங்கள் தோட்டங்களில் புழு எல்லை மீறாமல் இருப்பது இவற்றால்தான். மருந்து அடித்தால் முதலில் சாவது இவைதான், புழு அடுத்த மழைக்கு மறுபடியும் வந்துவிடும். பாதுகாக்க வேண்டும் என்று பையன் ஆசைப்பட்டால் கூட்டைப் பெயர்க்காமல், அதன் மேல் ஒரு கொசுவலைத் துணியைத் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். நான் கட்டமாட்டேன். குளவிக்கும் வயிறு இருக்கிறது.

சிவப்பு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது ரோஸ் இல்லை. ரோஸ் கறிவேப்பிலையில் முட்டையே வைக்காது. அதற்கு வேண்டியது ஈஸ்வரமூலி அல்லது ஆடுதின்னாப்பாளை. முட்டை வைத்தது கறிவேப்பிலை அழகியின் பெண்ணேதான், ரோஸ் வேஷத்தில். அடுத்த முறை உடம்பைப் பாருங்கள். ரோஸுக்கு உடம்பே சிவப்பாக இருக்கும். வேஷக்காரிக்கு இறக்கையில்தான் சிவப்பு, உடம்பு கறுப்பு. இதை யாராவது படித்தவர்கள் விளக்கினால் நல்லது, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பதில்: விலங்கியல் இரண்டாமாண்டு

நாற்றுக்காரர் அண்ணன் முக்கியமானதைச் சொல்லிவிட்டார், நான் மீதியைச் சேர்க்கிறேன்.

இந்த இனத்தில் ஆணுக்கு ஒரே தோற்றம்தான். பெண்ணுக்கு நம் ஊரில் மூன்று. ஒன்று ஆணைப் போலவே இருக்கும், இரண்டாவது காமன் ரோஸைப் போல, மூன்றாவது கிரிம்சன் ரோஸ் என்கிற இன்னொரு பட்டாம்பூச்சியைப் போல. ஒரே தாயின் பிள்ளைகளிலேயே இரண்டு மூன்று தோற்றம் வரும். ரோஸ்கள் புழுவாக இருக்கும்போது ஈஸ்வரமூலியின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை தின்று வாந்தியெடுத்த குருவி, அந்தச் சிவப்பு வெள்ளைக் கோலத்தை மறுபடி தொடாது. நம் பெண் பட்டாம்பூச்சி கறிவேப்பிலை தின்று வளர்ந்தது, உடம்பில் அந்த நஞ்சு கிடையாது. அந்தக் கோலத்தை மட்டும் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. ஆனால் வேஷக்காரிகள் ரோஸ்களைவிட அதிகமாகிவிட்டால் குருவிகள் விழித்துக்கொள்ளும், அப்போது வேஷத்துக்கு மதிப்புப் போய்விடும்.

இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1860-களில், மலாய்த் தீவுகளில் திரிந்த காலத்துக்குப் பிறகு, தனித்தனி இனமாக எண்ணப்பட்ட இந்தப் பெண்கள் எல்லாம் ஒரே இனம் என்று எழுதினார். இந்த வேஷத்தை எந்த மரபணு நடத்துகிறது என்பது 2014-இல்தான் தெளிவானது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடன் ஆராய்ந்தவர்களும் அதை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். டபுள்செக்ஸ் என்று பெயர், பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டை நடத்துகிற மரபணு. இறக்கையின் நிறம், திட்டு, அமைப்பு எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் மாற்றுகிறது. பல மரபணுக்கள் சேர்ந்த தொகுப்பு என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்றுக்காரர் சொன்ன லைம் பட்டாம்பூச்சி பற்றியும் ஒரு செய்தி. அது நம் பக்கத்துப் பூச்சி, ஆனால் 2004-இல் கரீபியன் கடலில் டொமினிக்கன் குடியரசில் தென்பட்டது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் அங்கே கவலைப்படுகிறார்கள். அதன் பிறகு ஜமைக்கா, போர்ட்டோ ரிக்கோ என்று பரவியிருக்கிறது.

பதில்: வன்னித் தேசிக்காய்

தம்பி சொன்னதோடு எங்கட பக்கத்துக் கதையையும் சேர்த்துவிடுகிறேன். கிரிம்சன் ரோஸ் வேஷம் போடுகிற பெண் இந்தியாவிலும் இலங்கையிலும்தான் இருக்கிறது. அசல் ரோஸ் இருக்கிற இடத்தில்தானே நகலுக்கு வேலை. 1910-களில் ஃப்ரையர் என்கிற ஆங்கிலேயர் இலங்கையில் இந்தப் பட்டாம்பூச்சியைத் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த வகைப் பெண் பிள்ளைகள் வருகின்றன என்று கணக்கெடுத்தார். ஆணுக்கும் அந்த மரபு கடத்தப்படுகிறது, வெளியில்தான் தெரிவதில்லை என்று அந்தக் கணக்கில் தெரிந்தது.

எங்கட வளவில் தேசிக்காய் (நீங்கள் எலுமிச்சை என்பது) மரமும் கறிவேப்பிலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நான் பார்த்த அளவில் லைம் வெயில் கொளுத்துகிற திறந்த இடத்துத் தேசிக்காய்க் கன்றைத்தான் முதலில் பிடிக்கும். கறிவேப்பிலை அழகி நிழலும் வெயிலும் கலந்த இடத்துக்கு வரும், வேலியோரம், வாழைக்குக் கீழ், கிணற்றடி. காட்டில் பாணல் நிற்கிற இடமும் அப்படித்தான் இருக்கும், பெரிய மரங்களுக்குக் கீழ். முதிரை மரமும் இந்த எலுமிச்சைக் குடும்பம்தான் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கதவு நிலை செய்கிற மரத்துக்கும் ரசத்துக்குப் போடுகிற இலைக்கும் உறவு!

ஈஸ்வரமூலி வைக்க யாராவது ஆசைப்பட்டால் ஒன்று. பட்டாம்பூச்சிக்காக வேலியில் படரவிடுங்கள், நல்லது. பாம்புக்கடிக்கு, வயிற்றுக்கு என்று கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். அதில் இருக்கிற நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரும். பழைய வைத்தியம் என்பதற்காக அந்த ஆபத்தைக் கண்டும் காணாமல் விட முடியாது.

பதில்: நாலாவது மாடி

இடையில் நுழைகிறேன். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, பால்கனி மட்டும்தான். பட்டாம்பூச்சி வரும் என்று சொல்லி இட்லிப்பூ, ஜின்னியா, பென்டாஸ் எல்லாம் வாங்கி வைத்தேன். வருகிறது, ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடுகிறது. தங்க மாட்டேன் என்கிறது. இவ்வளவு உயரத்துக்கு முட்டை வைக்க வருமா? என்ன செடி வைக்க வேண்டும்?

பதில்: புளியங்குடி நாற்றுக்காரன்

பூ வைத்தால் தேன் குடிக்க வரும், குடித்துவிட்டுப் போகும். அது டீக்கடை. குடித்தனம் நடத்த இலை வேண்டும். நர்சரிக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பூவைத்தான் கேட்கிறார்கள், இலையைக் கேட்பவர் ஒருவர், அவரும் சமையலுக்கு.

நாலாவது மாடி பிரச்சினை இல்லை. காலையிலோ மதியத்திலோ ஓரளவு வெயில் படுகிற பக்கமாக இருந்தால் கண்டுபிடித்து வந்துவிடும். ஒரு கறிவேப்பிலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றை அதற்கு என்று விட்டுவிடுங்கள். அதற்கு விட்டதைக் கொஞ்சம் முன்னால், பூத்தொட்டிக்கு அருகில் வையுங்கள். உங்களுடையதை உள்பக்கம் தள்ளி வைத்து, துளிர் வரும் சமயத்தில் வலை போடுங்கள். துளிர் இல்லாத செடிக்கு அவ்வளவாக வராது, முற்றின இலை சின்னப் புழுவின் வாய்க்குக் கடினம். அடிக்கடி நுனி கிள்ளிவிட்டால் துளிர் வந்துகொண்டே இருக்கும்.

கறிவேப்பிலையை விதையில் போடுவதானால் பழம் கறுத்ததும் சதையைக் கழுவிவிட்டு உடனே போடுங்கள், காயவைத்த விதை முளைக்காது. வேர்க்கன்று கிடைத்தால் இன்னும் சுலபம். எலுமிச்சை வேண்டாம், பால்கனியில் முள்ளோடு போராட்டம். நாரத்தை விதை போட்டால் முளைக்கும், காய்க்காவிட்டால் என்ன, இலை வரும். எருக்கு ஒரு தொட்டியில் வைக்க முடிந்தால் வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சி வரும், ஆனால் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம்.

முக்கியமாக, கடையிலிருந்து புதிதாக வாங்கின கன்றில் உடனே புழுவை விடாதீர்கள். பல இடங்களில் மருந்து அடித்துத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். பழைய இலை உதிர்ந்து புது இலை வரும் வரை பொறுங்கள். வாங்கும்போது இலையில் ஓட்டை இருக்கிற கன்றாகப் பார்த்துக் கேளுங்கள், விலையும் குறைப்பார்கள்.

பதில்: திண்டுக்கல் மாடித்தோட்டம்

செடியில் இருந்த பச்சைக் கூட்டிலிருந்து இன்று காலை ஏழு மணிக்கு முன்னாலேயே ஆண் வந்துவிட்டது, பையன் பள்ளி வேனை விட்டுவிட்டான். தொட்டிச் சுவரில் இருப்பது தொட்டால் நெளியவில்லை, நிறமும் மங்கலாக இருக்கிறது. அண்ணன் சொன்ன குளவி என்று நினைக்கிறேன், அப்படியே விட்டிருக்கிறோம். மாமியார் துவையலுக்குத் தெருக்கோடிப் பாட்டி வீட்டிலிருந்து இலை வாங்கி வந்தார். அதில் ஒரு முட்டை இருந்தது. அந்த ஒரு இலையை மட்டும் கிள்ளித் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்திருக்கிறார். வாடினால் பொரிவதற்குள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: புளியங்குடி நாற்றுக்காரன்

இலையை உங்கள் செடியின் கொழுந்தில் ஒரு நூலால் கட்டிவிடுங்கள். மூன்று நாலு நாளில் பொரியும். முதல் வேலையாக முட்டை ஓட்டைத் தின்றுவிட்டுத் தானே கொழுந்துக்குப் போய்விடும். கட்டும்போது முட்டை வெளிப்பக்கம் இருக்கட்டும், இரண்டு இலைக்கு நடுவில் நசுங்கிவிடக் கூடாது. மாமியாருக்கு என் வணக்கம்.